வரியைக் குறை என்று மட்டுமா சொன்னார் இப்னு கல்தூன்?

2019 டிசம்பரில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் வியாபாரிகள் கூடிய ஒரு சிறு நிகழ்வில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். உயர்தர வகுப்புகளுக்குப் பல வருடங்கள் பொருளியல் கற்பித்தவன் என்பதால் வந்த அழைப்பு அது. அந்த மாதம் முதலாம் திகதி முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி முற்றாக நீக்கப்பட்டிருந்தது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் சந்தோஷமாகவே பேசினேன். வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் அரசின் வருமானமும் பெருகும், இதை மேற்குலகம் கண்டறிவதற்கு 600 வருடங்களுக்கு முன்னரே எங்கள் அறிஞர் இப்னு கல்தூன் சொல்லிவிட்டார் என்றேன். நல்ல கைதட்டல் கிடைத்தது.

2022 இல் எரிவாயு வரிசையில் நின்றபோது, அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு வியாபாரி எனக்குப் பின்னால் நின்றார். சலாம் சொன்னார், சுகம் விசாரித்தார். பிறகு, சேர் அன்றைக்குச் சொன்ன அந்தப் பெரியவர் இந்த வரிசையைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. காரணம், நான் இப்னு கல்தூனை வாசித்திருக்கவில்லை. அவரைப் பற்றி ஆங்கிலக் கட்டுரைகளில் வந்த ஓரிரு வரிகளை வாசித்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த வரிகள் எப்படிப் பிரபலமாகின என்பது தெரிந்த விடயம். 1981 இல் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் தனது வரிக் குறைப்பை நியாயப்படுத்தும்போது இப்னு கல்தூனின் பெயரைச் சொன்னார். வரி வீதத்தையும் வரி வருமானத்தையும் தொடர்புபடுத்தும் வளைகோட்டுக்காக அறியப்பட்ட ஆர்தர் லாஃபரும் அவரைத் தனது முன்னோடிகளில் ஒருவராகக் குறிப்பிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெரியவர் உலகெங்கும் வரிக் குறைப்பின் காவலராகிவிட்டார். நாமும் பெருமையோடு அதைத் திருப்பிச் சொன்னோம்.

வரிசைகள் குறைந்த பிறகு நான் முகத்திமாவையும் அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலையும் எடுத்து உட்கார்ந்தேன். அங்கே நான் கண்ட மனிதர் வேறொருவர்.

பதவியும் சிறையும்

அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமழான் முதல் நாளில், அதாவது 1332 மே மாதத்தில் தூனிஸ் நகரில் பிறந்தார். ஹழரமௌத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அவருடைய குடும்பம் அந்தலூஸின் இஷ்பீலியா நகரில் தலைமுறைகளாகச் செல்வாக்கோடு வாழ்ந்தது. 1248 இல் அந்நகரம் கிறிஸ்தவ மன்னரிடம் வீழ்வதற்குச் சற்று முன்னர் அவர்கள் கடல் கடந்து வட ஆபிரிக்காவுக்கு வந்தார்கள். ஓர் அரசு எப்படி எழுந்து எப்படி விழுகிறது என்ற கேள்வி அவருடைய வீட்டுக் கதைகளிலேயே இருந்தது.

அவருக்குப் பதினேழு வயதிருக்கும்போது கொள்ளைநோய் தூனிஸைத் தாக்கியது. தாயும் தந்தையும் அதில் மௌத்தானார்கள். ஆசிரியர்களில் பலரும் போய்விட்டார்கள். நகரங்களும் ஊர்களும் வெறுமையானதையும், உழைக்கும் கைகள் இல்லாதபோது செல்வமும் இல்லாமல் போவதையும் அந்த வயதிலேயே கண்டார். மனித உழைப்பே சம்பாத்தியத்தின் மூலம் என்று பின்னாளில் அவர் எழுதியதை வாசிக்கும்போது எனக்கு அந்தப் பதினேழு வயது இளைஞன்தான் ஞாபகத்துக்கு வருகிறான்.

இருபது வயதளவில் தூனிஸ் அரசவையில் அவருக்கு முதல் தொழில் கிடைத்தது. அரச கடிதங்களின் தலைப்பில் சுல்தானின் அடையாள வாசகத்தை அழகிய எழுத்தில் எழுதுவது அவருடைய வேலை. பின்னர் பாஸ் நகருக்குச் சென்று மரீனிய சுல்தான் அபூ இனானிடம் பணிபுரிந்தார். அங்கே சதியில் தொடர்புபட்டார் என்ற சந்தேகத்தில் 1357 இல் சிறையில் போடப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அங்கேயே இருந்தார். சுல்தான் இறந்த பிறகுதான் கதவு திறந்தது.

1362 இல் கிரனாடாவுக்குப் போனார். இரண்டு வருடங்களின் பின்னர் கஸ்தீலிய மன்னர் பேத்ரோவிடம் சமாதானத் தூதுவராக அனுப்பப்பட்டார். மன்னரின் அரசவை இருந்தது அவருடைய முன்னோரின் இஷ்பீலியாவில். தன்னோடு தங்கிவிட்டால் குடும்பத்தின் பழைய சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் ஆசை காட்டினார். இப்னு கல்தூன் மறுத்துவிட்டார்.

1365 இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பிஜாயா நகரின் ஆட்சியாளர் அவரைத் தனது பிரதம அதிகாரியாக்கினார். இந்தக் கட்டம்தான் வரி பற்றிய அவருடைய சிந்தனையைப் புரிந்துகொள்ள முக்கியமானது. யுத்தத்தால் பணம் கரைந்துபோனது. மலைப்பகுதியில் வாழ்ந்த பர்பர் கோத்திரங்கள் வரி கட்ட மறுத்து வந்தன. வரியை அறவிட இப்னு கல்தூனே நேரடியாகப் புறப்பட்டார். அவர்களுடைய பகுதிக்குள் பலத்தோடு நுழைந்து, பணயக் கைதிகளைப் பிடித்து, பணத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். இதை எழுதியவர்கள் அவருடைய எதிரிகள் அல்லர், அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பணத்தால் ஆட்சி பிழைக்கவில்லை. அடுத்த வருடமே ஆட்சியாளர் போரில் கொல்லப்பட்டார். இப்னு கல்தூன் நகரத்தை வென்றவரிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்சக் காலத்தில் அங்கிருந்தும் வெளியேறினார். வற்புறுத்தி வாங்கிய வரி எவ்வளவு நாளைக்கு உதவும் என்பதை அவர் தன் கையாலேயே செய்து பார்த்தவர்.

அவரை ஒரு புனிதராகக் காட்டும் நோக்கம் எனக்கில்லை. எஜமானர்களை மாற்றினார், தோற்றவரை விட்டு வென்றவரிடம் போனார், அரசியல் சூழ்ச்சிகளில் கலந்துகொண்டார். ஆனால் தான் கண்டதையும் செய்ததையும் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து சிந்தித்தார். அந்த வகையில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு.

கோட்டையில் எழுதிய நூல்

1375 இல் அரசியலில் களைத்துப்போய், ஒரு அரபுக் கோத்திரத்தின் பாதுகாப்பில், கல்அத் இப்னு ஸலாமா என்ற ஒதுக்குப்புறமான கோட்டையில் குடும்பத்தோடு தங்கினார். ஏறத்தாழ நான்கு வருடங்கள் அங்கே இருந்தார். உலக வரலாற்றை எழுதத் தொடங்கி, அதற்கு முன்னுரையாக முகத்திமாவை 1377 இல் ஐந்து மாதங்களில் முடித்தார்.

வரி பற்றி அதில் அவர் சொல்வதை என் சொற்களில் தருகிறேன். ஓர் ஆட்சி தொடங்கும்போது வரிகள் குறைவு, வருமானம் அதிகம். முடியும்போது வரிகள் அதிகம், வருமானம் குறைவு. ரீகன் முதல் நான் வரை எல்லோரும் எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

ஏன் தொடக்கத்தில் வரி குறைவு என்பதற்கு அவர் தரும் விளக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். புதிய ஆட்சியாளர்கள் எளிமையானவர்கள். அவர்களுடைய செலவு சிறியது. ஸகாத், கராஜ், ஜிஸ்யா போன்ற, மார்க்கம் எல்லை வகுத்தவற்றோடு அவர்கள் நின்றுகொள்கிறார்கள். மக்கள் தங்கள் உழைப்பின் பலன் தங்களுக்கே மிஞ்சும் என்று நம்பி உற்சாகமாக உழைக்கிறார்கள். உழைப்பவர்கள் கூடக்கூட வரி கட்டுபவர்களும் கூடுகிறார்கள். தலைமுறைகள் கடந்ததும் அரண்மனையில் ஆடம்பரம் பெருகுகிறது. சேனைக்கும் சுற்றியிருப்போருக்கும் கொடுப்பனவுகள் ஏறுகின்றன. அந்தச் செலவை ஈடுசெய்யத்தான் வரி ஏறுகிறது. அது போதாமல் போகும்போது சந்தையில் விற்கும் பொருட்களின் மீதெல்லாம் புதுப்புது வரிகள் பிறக்கின்றன. ஒரு கட்டத்தில் உழைத்து என்ன பயன் என்று மக்கள் கையை மடக்கிக்கொள்கிறார்கள். வருமானம் விழுகிறது. விழுந்ததைத் தூக்க மீண்டும் வரி ஏறுகிறது.

ஆக, அவருடைய சங்கிலியின் முதல் கண்ணி வரி அல்ல, அரசின் செலவு. செலவு சிறியதாக இருந்ததால் வரி சிறியதாக இருந்தது. செலவைக் கைவைக்காமல் வரியை மட்டும் குறைத்தால் என்ன நடக்கும்? இடைவெளியை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். எங்கள் நாட்டில் அதைக் கடனும் அச்சடித்த பணமும் நிரப்பின. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. இதற்கு வரிக் குறைப்பு மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். நீண்டகாலக் கடன்களும், பெருந்தொற்றும், உரத் தடையும் சேர்ந்தே எங்களை வரிசையில் நிறுத்தின. ஆனால் அந்த வரிக் குறைப்புக்கு இப்னு கல்தூனைச் சாட்சிக்கு அழைத்தது என் தவறு. அவர் அப்படிச் சாட்சி சொல்லவில்லை.

சந்தையில் அரசன்

அதே அத்தியாயத்தில் இன்னும் சில கருத்துகள் உள்ளன. வரி போதாமல் போகும் ஆட்சியாளர் தானே வியாபாரத்தில் இறங்குவதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். வியாபாரிகள் ஏறத்தாழச் சமமான முதலோடு போட்டியிடுபவர்கள். அந்தச் சந்தைக்குள் அளவற்ற பணத்தோடும் அதிகாரத்தோடும் அரசன் நுழைந்தால் யாரால் போட்டியிட முடியும்? அவன் தான் நினைத்த விலைக்கு வாங்குவான், தான் நினைத்த விலைக்கு மற்றவர் தலையில் கட்டுவான். வியாபாரிகள் முதலை இழந்து ஒதுங்குவார்கள். கடைசியில் அவர்களிடமிருந்து வந்த வரியையும் அரசன் இழப்பான். இலாபமாக வந்ததை விட இழந்த வரி அதிகமாக இருக்கும்.

இதை வாசித்துவிட்டு, அரசு எதையும் செய்யக்கூடாது என்று சொன்னவர் என எண்ணினால் அதுவும் தவறு. அரசுதான் நாட்டின் மிகப்பெரிய சந்தை என்பது அவருடைய கருத்து. ஆட்சியாளர் வரியாகச் சேர்த்த பணத்தைச் செலவிடாமல் பெட்டியில் பூட்டிவைத்தால், அவரிடம் சம்பளம் வாங்குவோரின் கை சுருங்கும். அவர்கள் வாங்காதபோது கடைகள் ஓயும். கடைகள் ஓய்ந்தால் வரியும் ஓயும். பணம் மக்களிடமிருந்து அரசுக்கும் அரசிடமிருந்து மக்களுக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வரிக் குறைப்பாளர்கள் இந்தப் பக்கத்தை ஒருபோதும் எடுத்துக்காட்டுவதில்லை.

அநீதி நாட்டை அழிக்கும் என்பதை விளக்க, பாரசீக மன்னன் பஹ்ராமைப் பற்றிய ஒரு பழைய ஆந்தைக் கதையை அவர் எடுத்தாள்கிறார். ஆந்தைகளின் சத்தத்தைக் கேட்ட மன்னன் அவை என்ன பேசுகின்றன என்று தன் மதகுருவிடம் கேட்கிறான். பெண் ஆந்தை மஹராகப் பாழடைந்த இருபது கிராமங்கள் கேட்கிறது, இந்த மன்னரின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் கிராமங்களே தரலாம் என்று ஆண் ஆந்தை சொல்கிறது என்கிறார் குரு. திடுக்கிட்ட மன்னன் அவரைத் தனியே அழைத்து விளக்கம் கேட்கிறான். விவசாயிகளின் நிலங்களைப் பறித்து நீங்கள் உங்களுக்கு நெருங்கியவர்களுக்குக் கொடுத்தீர்கள், அவர்கள் பயிரிடவும் இல்லை, உங்களுக்கு வேண்டியவர்கள் என்பதால் அவர்களிடம் வரி கேட்பாரும் இல்லை, அந்தச் சுமையும் மிஞ்சிய விவசாயிகளின் தலையில் விழுந்தது, அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று குரு சொல்கிறார். மன்னன் நிலங்களை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறான். நாடு மீள்கிறது.

இந்தக் கதையில் பிரச்சினை வரி அதிகமா குறைவா என்பது அல்ல. யார் கட்டுகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள் என்பதுதான். ஒரு பைக்கற் பால்மா வாங்கும் கூலித் தொழிலாளியும் ஒரு கோடீஸ்வரரும் ஒரே வற் வரியைக் கட்டும் நாட்டில், செல்வாக்குள்ளவர்களுக்கு விசேட வரிச் சலுகைகள் கிடைக்கும்போது, ஆந்தைகள் பேசுவது எங்களுக்கும் கேட்க வேண்டும்.

கெய்ரோவில் கடைசிக் காலம்

1382 இல் ஹஜ்ஜுக்குச் செல்வதாகச் சொல்லி தூனிஸை விட்டுப் புறப்பட்ட இப்னு கல்தூன் எகிப்தை அடைந்தார். கெய்ரோ அவரை வரவேற்றது. அல் அஸ்ஹரில் கற்பித்தார். 1384 இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிக்கி மத்ஹபின் பிரதம காதியாக நியமித்தார். பொய்ச் சாட்சிகளையும், காசுக்குப் பத்திரம் எழுதிய எழுத்தர்களையும் அவர் தண்டித்தார். சிபாரிசுகளை ஏற்க மறுத்தார். விரைவிலேயே எதிரிகள் பெருகினார்கள். அந்த நேரத்தில்தான் தூனிஸிலிருந்து அவருடைய குடும்பத்தினரை ஏற்றிவந்த கப்பல் புயலில் சிக்கி மூழ்கியது. மனைவி மக்களையும் சொத்தையும் நூல்களையும் ஒரே நாளில் இழந்தார். சிறிது காலத்தில் பதவியும் போனது. 1387 இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். பின்னாளில் மீண்டும் மீண்டும் காதியாக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் நீக்கப்பட்டார். மொத்தம் ஆறு தடவைகள் அந்தப் பதவி அவரிடம் வந்தது.

1401 ஜனவரியில், தைமூரின் படை திமஷ்க்கை முற்றுகையிட்டிருந்தபோது, சுமார் எழுபது வயதில் கயிறு கட்டி நகர மதிலிலிருந்து இறங்கிச் சென்று தைமூரைச் சந்தித்தார். அவரிடம் தைமூர் ஒரு கோவேறு கழுதையை விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் விலை பின்னர் எகிப்துக்கு வந்து சேர்ந்தபோது, எதிரி மன்னனின் பணம் என்பதால், எகிப்திய சுல்தானிடம் அனுமதி பெற்ற பிறகே அதை ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அரசியல் கணக்குப் பார்த்தவர்தான். ஆனாலும் யாருடைய பணம் தன் கைக்கு வருகிறது என்று கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது.

கெய்ரோவில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி. நகரின் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாகவும் அவர் பணிபுரிந்தவர். நைல் நதி போதியளவு பெருகாமல் எகிப்தில் பஞ்சம் வந்தபோது, 1405 இல் ஒரு சிறு நூல் எழுதினார். நதியை மட்டும் குறை சொல்லி அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டதும், நிலக் குத்தகை ஏறியதும், வெள்ளி மறைந்து செப்புக் காசுகள் அளவின்றி அடிக்கப்பட்டதுமே துன்பத்தின் காரணங்கள் என்றார். பெறுமதியற்ற காசைப் பெருக்கினால் விலைகள் ஏறும், முதலில் அழிவது நிலையான சம்பளக்காரனும் ஏழையும்தான். தங்கமும் வெள்ளியுமே பெறுமதியின் அளவுகோல் என்றும், நாணயத்தின் தூய்மையைக் காப்பது அரசின் பொறுப்பு என்றும் எழுதிய ஆசிரியருக்கு ஏற்ற மாணவர். செப்புக்குப் பதிலாகக் காகிதத்தைப் போட்டுப் பார்த்தால் 2022 இல் எங்கள் சம்பளத்துக்கு நடந்தது விளங்கும்.

இப்னு கல்தூன் ஹிஜ்ரி 808 ரமழான் 26 இல், அதாவது 1406 மார்ச் மாதத்தில், காதியாகப் பதவியில் இருந்தபோதே கெய்ரோவில் மௌத்தானார். நஸ்ர் வாசலுக்கு வெளியே ஸூபிகளின் மையவாடியில் அடக்கப்பட்டார்.

அந்த வியாபாரிக்கு என் பதில்

இன்று வற் வரி 18 வீதம். வரி கூடிவிட்டது என்று குறைசொல்ல இப்போதும் சிலர் இப்னு கல்தூனை அழைக்கிறார்கள். அவரை அழைப்பதானால் முழுமையாக அழைப்போம். செலவு எங்கே போகிறது, வரிச் சுமை யார் தலையில் இருக்கிறது, நாணயம் நேர்மையாக இருக்கிறதா, அதிகாரத்தில் இருப்பவர் சந்தைக்குள் நுழைந்து வியாபாரம் செய்கிறாரா என்ற கேள்விகளை அவர் அரசிடம் கேட்பார்.

எங்களிடமும் அவர் கேட்பார். அநீதி என்பது ஆட்சியாளர் மட்டும் செய்வது என்று அவர் எழுதவில்லை. ஒருவரின் பொருளை உரிமையின்றி எடுப்பவர், கூலி கொடுக்காமல் வேலை வாங்குபவர், இல்லாத உரிமையைக் கோருபவர் எல்லோரும் அதில் அடங்குவர். தட்டுப்பாட்டை எதிர்பார்த்துத் தானியத்தைப் பதுக்குபவருக்கு அந்தப் பணம் நிலைப்பதில்லை என்றும், வேறு வழியின்றி அதிக விலை கொடுத்தவர்களின் மனம் அந்தப் பணத்தின் மீதே இருக்கும் என்றும் எழுதினார். 2022 இல் எரிவாயு சிலிண்டரும் பால்மாவும் எத்தனை கடைகளின் பின்னறையில் இருந்தன என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும். அவற்றில் எங்கள் ஆட்களின் கடைகளும் இருந்தன என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

கைதட்டல் வாங்கிய பேச்சைத் திருத்திச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் அந்த மண்டபத்தில் மீண்டும் ஒரு நாள் பேசக் கிடைத்தால், முதலில் அந்தத் திருத்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேறு எதையும் பேசுவேன். வரிசையில் கேள்வி கேட்ட வியாபாரி வந்திருந்தால், ஆம், அவர் இதையும் சொல்லியிருந்தார், நான்தான் வாசிக்காமல் பேசிவிட்டேன் என்று சொல்வேன். பெரியவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு முன்னர் அவர்கள் எழுதியதை வாசிக்கும் பழக்கத்தை அல்லாஹ் எங்கள் எல்லோருக்கும் தரட்டும்.